சணல் பூத்துவிட்டதா? இனித்தான் வேலை

சணல் (சணப்பை) விதை வாங்கி எறிந்தாயிற்று, அது நெஞ்சளவு வளர்ந்தும் விட்டது, நுனியில் மஞ்சள் பூவும் தெரிகிறது. அடுத்தது என்ன? புதிதாக வீட்டுத்தோட்டம் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். விதைப்பதற்குச் சொல்லித்தர நாலு பேர் வருவார்கள். வளர்ந்து நிற்கிற பயிரை எந்த நாளில் வெட்டுவது, எப்படி மண்ணோடு சேர்ப்பது, எத்தனை நாள் பொறுத்து நாற்று நடுவது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஆனால் இரண்டு மாதம் தண்ணீர் விட்டு வளர்த்ததன் பலன் மிளகாய்க்குப் போய்ச் சேருமா, வீணாகுமா என்பது அந்தக் கடைசி மூன்று கிழமையில்தான் முடிவாகிறது, அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். அறுவடைக்கு என்றில்லாமல், மண்ணை மூடி வைக்கவும் மண்ணுக்கு உணவாகவும் வளர்க்கிற பயிரை மூடுபயிர் என்பார்கள். அதையே பச்சையாக வெட்டி மண்ணில் சேர்த்தால் பசுந்தாட் பசளை. சணல், கவுபி, பயறு எல்லாம் அவரைக் குடும்பம். அவற்றின் வேரில் இருக்கும் சிறுகணுக்களில் இறைசோபியம் என்ற பற்றீரியா குடியிருந்து காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். ஒரு செடியைப் பிடுங்கி அந்தக் கணுவை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது.

இது யாழ்ப்பாணத்துக்குப் புதிய சங்கதி இல்லை. கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தறைகளில் குழை தாழ்ப்பது பழைய வழக்கம். பூவரசங்குழை, வேப்பங்குழை, பிறகு சீமைக்கிளுவை என்று வேலியில் வெட்டியதை அப்படியே சாலுக்குள் போட்டு மண்ணை இழுத்து மூடிவிடுவார்கள். வேலி புதிதாக அடைக்கும்போது கழற்றின பழைய பனையோலையும் தோட்டத்துக்குத்தான் போகும். 1990களில் யூரியா வடக்குக்கு வராமல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் குழையும் ஆட்டெருவும் மாட்டெருவும்தான் தோட்டங்களைத் தாங்கின. அப்புறம் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுவதற்கும் நிறுத்தியபோது (நவம்பரில் அதைத் தளர்த்தினார்கள்) சணல் விதை தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வருஷம்தான் இதை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

குழையையும் ஓலையையும் சும்மா சொல்லவில்லை. இந்த இரண்டும் மண்ணுக்குள் என்ன ஆகின்றன என்று விளங்கிவிட்டால் மற்றது தானாக விளங்கும். இளங்குழையில் நைதரசன் அதிகம், நார் குறைவு. ஈர மண்ணில் தாழ்த்தால் இரண்டு மூன்று கிழமையில் இலை காணாமல் போய்விடும், அதிலிருந்த சத்து அந்தப் போகத்துப் பயிருக்கே கிடைக்கும். பனையோலை நேர்மாறு. அது முழுக்கக் காபன், நார். மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து, மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அடுத்த மாதம் நடுகிற கத்தரிக்கு ஒன்றும் கொடுக்காது. இன்னும் சொல்லப்போனால் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும், ஏனென்றால் நாரைத் தின்கிற நுண்ணுயிர்களுக்கும் உடம்பு வளர்க்க நைதரசன் வேண்டும். தின்கிற பொருளில் அது போதாவிட்டால் மண்ணில் இருக்கிறதை எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாகி நிற்கும்.

சணலின் விசேஷம் என்னவென்றால், அது குழையாகப் பிறந்து ஓலையாக முடிகிற செடி. முதல் ஒன்றரை மாதம் மெத்தென்ற குழை. பூத்து, காய் பிடித்து, காய் முற்ற முற்றத் தண்டு நாராகிவிடும் (இந்தச் செடியின் தண்டிலிருந்தும் கயிறு திரிக்கிற நார் எடுப்பார்கள்). ஒரு பங்கு நைதரசனுக்கு இருபது பங்கு, அதற்கும் கொஞ்சம் கீழே காபன் இருந்தால் மண்ணில் போட்டவுடன் சத்து வெளியே வரத் தொடங்கும். இருபத்தைந்து, முப்பதைத் தாண்டினால் மேலே சொன்ன இழுபறி வந்துவிடும். ஆகவே அது குழையாக இருக்கும்போதே வெட்ட வேண்டும், ஓலையாகும் வரை விடக் கூடாது.

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? கலண்டரைவிடப் பூ நல்ல அடையாளம். விதைத்து 45 முதல் 60 நாளுக்குள் பூக்கத் தொடங்கும். பாத்தியில் பத்துச் செடிக்கு ஒன்றிரண்டு பூ விரிந்திருந்தால் அந்தக் கிழமையே வெட்டிவிடுங்கள். எல்லாம் பூக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்னொரு சோதனையும் இருக்கிறது: தண்டை நடுவில் பிடித்து வளையுங்கள், பட்டென்று முறிந்தால் சரியான பருவம். வளைந்து மடங்கி, பட்டை நாராகக் கிழிந்து தொங்கினால் கொஞ்சம் பிந்திவிட்டீர்கள்.

நான் ஒரு முறை நன்றாகவே பிந்தினேன். சணல் பூத்து நிற்கிற அழகில் மயங்கி, இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று விட்டுவைத்தேன். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பூவைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பூக் கண்டவுடனை தாட்டுப்போடு. நார் வைச்சால் மண்வெட்டி இறங்காது" என்றா. நான் கேட்கவில்லை. காய் பிடித்த பிறகு கொத்தப் போனபோது மண்வெட்டியில் நார் சுற்றிச் சுற்றி, ஒரு பாத்தி முடிக்கவே பின்னேரம் ஆகிவிட்டது. அதில் வைத்த வெங்காயம் முதல் ஒரு மாதம் தாள் மஞ்சளித்து நின்றது. மாட்டெரு கரைத்து ஊற்றித்தான் கரைசேர்த்தேன். பெரியம்மாவுக்குக் காபனும் நைதரசனும் தெரியாது, ஆனால் அவ சொன்னதற்கு மேல் புத்தகத்திலும் ஒன்றும் இல்லை.

கவுபி போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. காயும் பறித்துச் சாப்பிட்டுவிட்டுச் செடியையும் தாழ்க்கலாம்தானே என்று நினைப்போம். செய்யலாம், பிழையில்லை. ஆனால் செடி சேர்த்து வைத்த நைதரசனில் பெரும்பகுதி காய்க்குள் போய்விடும், மிஞ்சுவது அரைவாசி ஓலை. அப்படிப்பட்ட பாத்திக்கு எரு தனியாக வேண்டும். கம்பு, சோளம் மாதிரிப் புல்லினத்தை மூடுபயிராகப் போட்டால், கதிர் வெளியே வருகிற நேரத்தில் வெட்ட வேண்டும். அதற்கு முதல் வெட்டினால் மறுபடி தழைத்து வரும்.

சரி, இனி எப்படி முடிப்பது. வீட்டுத்தோட்ட அளவில் மூன்று வழி இருக்கிறது, எதை எடுப்பது என்பது அடுத்து என்ன நடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மிளகாய், கத்தரி, தக்காளி, கோவா என்று நாற்று நடுகிற பயிராக இருந்தால் நான் இப்போது மண்ணைக் கொத்துவதே இல்லை. கூரான கத்தியால் செடியை நிலத்தோடு ஒட்டி அறுத்து, அங்கேயே பாத்தியில் படுக்க வைத்துவிடுகிறேன். நிலத்தோடு ஒட்டி என்பது முக்கியம். முழங்கால் உயரத்தில் வெட்டினால் சணல் பக்கக் கிளை விட்டுத் திரும்ப எழும்பும், இரண்டு கிழமையில் பழையபடி காடாக நிற்கும். வேரைப் பிடுங்க வேண்டாம், அது மண்ணுக்குள் உக்கி, தண்ணீரும் காற்றும் இறங்குகிற வழியாக மாறும். வெட்டிப் போட்ட பச்சை, மேலே மூடாக்காக இருக்கும். இதைப் பாடப்புத்தகங்களில் பத்திரக்கலவை என்று எழுதியிருப்பார்கள். பத்து நாள், இரண்டு கிழமை போனபின் அதை விலக்கிச் சின்னக் குழி போட்டு நாற்றை வைக்கலாம், தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுவிடுங்கள். இதில் சத்து மெதுவாகத்தான் வெளியே வரும். வெயிலில் காய்கிற இலையிலிருந்து நைதரசனில் ஒரு பங்கு காற்றோடும் போகும். ஆனால் இறைப்பு மிச்சமாகிறது, பங்குனி சித்திரை வெயிலில் அதுவே பெரிய காரியம். சோளகம் (தென்மேல் காற்று) பெயர்ந்த பிறகு செய்கிறவர்கள் மேலே தென்னோலையோ தடியோ கிடத்தி வையுங்கள், இல்லாவிட்டால் காய்ந்த சருகு முழுக்க அடுத்த வளவில் கிடக்கும். மாரியில் செய்தால் நத்தைக்குக் கவனம், பகலில் அந்த மூடாக்கின் அடியில்தான் ஒளிந்திருக்கும்.

கீரை, கரட், பீட்ரூட், வெங்காயம் போல மண் பொடியாக இருக்க வேண்டிய பயிருக்கு மேற்சொன்னது சரிவராது. கொத்தித் தாழ்க்கத்தான் வேண்டும். இதில் நிறையப் பேர் விடுகிற பிழை, முழுச் செடியை அப்படியே ஆழமாகப் புதைப்பது. முதலில் அறுத்து, ஒரு சாண் துண்டுகளாக வெட்டுங்கள். அரை நாள் வெயிலில் வாடவிட்டால் கொத்துவது சுகம். அப்புறம் நாலு முதல் ஆறு அங்குல ஆழத்துக்கு மண்ணோடு கலந்து கொத்துங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். உக்க வைக்கிற உயிர்களுக்குக் காற்று வேண்டும், ஆழத்தில் காற்று இல்லாத இடத்தில் பச்சை கிடந்தால் அது புளித்து நாறும். நிறைய இடம் இருந்தால் லான்ட்மாஸ்டரால் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) அடிக்கலாம், நாலைந்து பாத்திக்கு மண்வெட்டியே போதும்.

கொத்திய அன்றே தண்ணீர் விடுங்கள். நம் ஊர் வெயிலில் இதை மறக்கவே கூடாது. தாழ்த்த பச்சையைச் சூடு மட்டும் உக்க வைக்காது, ஈரமும் வேண்டும். காய்ந்த மண்ணில் தாழ்த்த சணலை ஒரு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தால் வைக்கோல் மாதிரி அப்படியே கிடக்கும், கறையான்தான் வந்திருக்கும். நடுவில் வெறும் பாத்தியாகத் தெரிந்தாலும் மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை இறையுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும்.

மூன்றாவது வழி மூடி வைப்பது. வெட்டிப் போட்டு, நனைத்து, கறுப்புப் பொலித்தீனை இழுத்து மூடி, ஓரங்களில் கல் வைத்து மூன்று கிழமை விடுங்கள். வெளிச்சம் இல்லாததால் மறுபடி முளைப்பது சாகும், புல் விதைகள் முளைத்து உள்ளேயே சாகும், மண் ஈரமாக இருப்பதால் புழுக்கள் மேலே வந்து உங்களுக்காக வேலை செய்யும். கொத்துவதற்கு உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கு இது நல்ல வழி. கோரைக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், கிழங்கு உள்ளே இருக்கிறவரை அது திரும்ப வரும். கோரை உள்ள பாத்தியைக் கொத்தினால் இன்னும் மோசம், ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி. அந்தப் பாத்தியில் கிழங்கைக் கையால் தோண்டி எடுக்கிறதைத் தவிர நான் வேறு வழி காணவில்லை.

இப்போது எல்லோரும் அவசரப்படுகிற இடத்துக்கு வருகிறேன். தாழ்த்துவிட்டோம், மண் கறுத்து அழகாக இருக்கிறது, நாளைக்கே நட்டால் என்ன? நடாதீர்கள். பச்சை உக்கத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு கிழமை மண்ணுக்குள் பெரிய கொந்தளிப்பு. மண் சூடேறும், உக்கும்போது வெளிவரும் அமிலங்கள் முளையைச் சுடும், பச்சையைத் தின்று பெருகுகிற பங்கசுகளில் நாற்றழுகலைக் கொண்டுவருகிறவையும் உண்டு. நான் ஒரு தடவை தாழ்த்து நாலாம் நாள் மிளகாய் நாற்று நட்டேன். ஒரு கிழமைக்குள் பாதிக்கு மேல் அடித்தண்டு கறுத்து, நூல் மாதிரி மெலிந்து, சாய்ந்துவிட்டன. நாற்று விற்றவர் மேல் சந்தேகப்பட்டேன், ஆனால் அதே நாற்றில் மிஞ்சியதைப் பக்கத்துப் பாத்தியில் வைத்தது நன்றாக வந்தது. பிழை என் அவசரத்தில்தான்.

ஆகவே கொத்தித் தாழ்த்தால் நாற்றுக்கு இரண்டு முதல் மூன்று கிழமை, நுண்ணிய விதைகளுக்கு மூன்று முதல் நாலு கிழமை விடுங்கள். இந்த நாள் கணக்கு இளசாக வெட்டி, ஈரம் குறையாமல் பார்த்தால்தான். முற்றின சணலுக்கு இன்னும் இரண்டு கிழமை கூட்டிக்கொள்ளுங்கள்.

நாளை எண்ணுவதைவிட மண்ணையே கேட்கலாம். பாத்தியைக் கையால் கிளறிப் பாருங்கள், இலை என்று ஒன்றும் அடையாளம் தெரியக் கூடாது, தண்டு இருந்தால் கையால் நசுக்கினால் உதிர வேண்டும், மணம் மழை பெய்த மண் மாதிரி இருக்க வேண்டும், புளித்த வாடை வந்தால் பொறுத்திருங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அந்தப் பாத்தி மண்ணை ஒரு சிரட்டையில் எடுத்து, வேறு நல்ல மண்ணை இன்னொரு சிரட்டையில் எடுத்து, இரண்டிலும் பத்துப் பத்துக் கடுகு விதை போடுங்கள். நாலைந்து நாளில் இரண்டும் ஒரேமாதிரி முளைத்துப் பச்சையாக நின்றால் பாத்தி தயார். பாத்தி மண்ணில் மட்டும் முளை குறைந்தோ வேர் நுனி கறுத்தோ இருந்தால் இன்னும் ஒரு கிழமை. செலவில்லாத சோதனை, நான் ஒவ்வொரு முறையும் செய்கிறேன்.

இதெல்லாவற்றையும் சேர்த்தால் நாள் குறிப்பது நடவு நாளிலிருந்து பின்னோக்கி என்று விளங்கும். சித்திரை வருஷம் முடிந்து ஏப்ரல் 20 அளவில் கத்தரி நடப்போகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று கிழமை பின்னால் போனால் மார்ச் 30, அன்று சணல் தாழ்க்க வேண்டும். அதற்கு 55 நாள் முன்னால் பெப்ரவரி 3, அன்று விதைப்பு. சதுர மீற்றருக்கு ஐந்து கிராம் விதை போதும், நெருக்கமாக வந்தால் தண்டு மெலிசாக இருக்கும், வெட்டவும் சுகம்.

எவ்வளவு சத்துக் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நல்ல சணல் சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ பச்சை தரும். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்ந்த நிறை, 400 கிராம். அதில் 2.5 சதவீதம் நைதரசன் என்று வைத்தால் 10 கிராம். ஒரு பரப்பு என்பது ஏக்கரில் பதினாறில் ஒன்று, ஏறத்தாழ 253 சதுர மீற்றர், ஆகவே பரப்புக்கு இரண்டரைக் கிலோ நைதரசன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால் இது ஐந்தரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். ஆனால் முழுவதும் முதல் பயிருக்குக் கிடைத்துவிடாது, அரைவாசி அல்லது அதற்கும் குறைவுதான் கிடைக்கும், மீதி மண்ணில் தங்கிப் பிறகு வரும். அதனால் ஒரு தரம் சணல் தாழ்த்துவிட்டு எருவே தேவையில்லை என்று இருந்துவிட வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. எங்களுக்கு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, கிணறுதான், அதுவும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற தண்ணீர். மண்ணில் மிஞ்சுகிற நைதரசன் நைத்திரேற்றாக மாறி மழையோடு கல்லிடுக்கால் இறங்கிக் கிணற்றுக்குள் போய்விடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. யூரியாவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம், ஆனால் பசுந்தாளிலிருந்து வருகிற நைதரசனும் அதே வழியால்தான் போகும். கார்த்திகை மழை கொட்டப்போகிற நேரத்தில் சணலைக் கொத்தித் தாழ்த்து, பாத்தியை வெறுமையாக விட்டால், இரண்டு மாத உழைப்புக் கிணற்றுக்குள் கரைந்துவிடும். மழைக்கு முன் முடிக்க வேண்டி வந்தால் கொத்தாமல் அறுத்து மேலே மட்டும் போடுங்கள், அல்லது பயிர் நடத் தயாராகும் வரை நிற்க விட்டு, நடுவில் ஒரு தரம் நுனியைக் கிள்ளிப் பூவைத் தள்ளிப்போடுங்கள்.

ஆடு வைத்திருப்பவர்கள் வெட்டின இளஞ்சணலில் கொஞ்சத்தை ஆட்டுக்கும் போடலாம். காய் பிடித்ததைப் போடாதீர்கள், விதையில் நச்சுத்தன்மை உண்டு.

அடுத்த முறைக்கு விதை வேண்டுமென்றால் வேலியோரமாக ஐந்தாறு செடியை வெட்டாமல் விட்டுவையுங்கள். ஒற்றைச் செடியை விட்டால் பெரும்பாலும் காய்க்காது, சணலுக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும், அதைக் கொண்டுவருவது பெரிய கருவண்டும் தேனீயும்தான். காய் மண்ணிறமாகி, செடியை ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலு என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் பிடுங்கிச் சாக்கில் போட்டு அடித்துவிடுங்கள், பிந்தினால் காய் வெடித்துக் கொட்டிவிடும்.